உங்களுக்குத் தெரியுமா? ஏரிக்கரையிலும் மலைமுகட்டிலும் ஓட்டம்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியா பகுதியில் இருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா. ஏரியைச் சுற்றி ஓட விரும்புகிறவருக்கும் வழி உண்டு. மலைமுகடு பிடித்து ஓட விரும்புகிறவருக்கும் வழி உண்டு. ஆனால் இங்குள்ள பாதைகள் பெரும்பாலும் ஓடுகிறவர்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. ரோமானியப் படைவீரர்கள், கல்லுடைத்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், பிணம் சுமந்தவர்கள், தண்டவாளம் போட்டவர்கள் என்று பலரும் தங்கள் வேலைக்காக உண்டாக்கிய வழிகள் அவை. அந்த வழிகளையும், அவற்றில் ஓடிப் பெயர் பெற்றவர்களையும், அவற்றை இன்றும் காத்து வருகிறவர்களையும் பற்றிச் சில செய்திகள் இங்கே.

பூங்காவைப் பற்றி

1. லேக் டிஸ்ட்ரிக்ட் 1951இல் தேசியப் பூங்கா ஆனது. 2016இல் எல்லையை விரித்த பிறகு அதன் பரப்பு 2,362 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களில் இதுவே பெரியது. நுழைவுச்சீட்டு கிடையாது, மூடும் நேரமும் கிடையாது. பூங்காவுக்குள்ளேயே ஊர்கள், பள்ளிக்கூடங்கள், பண்ணைகள் இருக்கின்றன; சுமார் 40,000 பேர் குடியிருக்கிறார்கள். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அதன் ஊடாகப் போகும் பொதுவழியில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஓடலாம்.

2. 2017இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இயற்கை அழகு மட்டும் அதற்குக் காரணமில்லை. கற்சுவர் எழுப்பி, ஆடு வளர்த்து, நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் உழைத்து உருவாக்கிய நிலம் என்பதற்காகக் கிடைத்த பெருமை அது.

3. இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்கேஃபெல் பைக் (978 மீட்டர்), மிக ஆழமான ஏரியான வாஸ்ட்வாட்டர் இரண்டும் வாஸ்டேல் என்ற ஒரே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. மிக நீளமான ஏரி விண்டர்மியர். நீளம் சுமார் 17 கிலோமீட்டர். அதை ஒரு முறை சாலை வழியே சுற்றிவந்தால் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஆகிவிடும். ஆண்டுதோறும் மே மாதம் ஏரியைச் சுற்றி மாரத்தான் நடக்கிறது.

4. இந்தப் பகுதியின் பள்ளத்தாக்குகள் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரிந்து செல்கின்றன என்று எழுதியவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன அமைப்பு இது. இதனால் ஓடுகிறவருக்கு ஒரு லாபம் உண்டு. பாரோடேலின் சீத்வெய்ட்டிலிருந்து வாஸ்டேல் ஹெட்டுக்குக் காரில் போக வேண்டுமானால் மலைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டை ஹெட் கணவாயைத் தாண்டி ஓடினால் ஏழெட்டு கிலோமீட்டர்தான்.

ஏரிக்கரைப் பாதைகள்

5. புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு ஏற்ற இடம் கோனிஸ்டனுக்கு அருகில் உள்ள டார்ன் ஹௌஸ். சுற்றுப்பாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சீராக இருக்கும். பார்த்தால் காலங்காலமாக இருக்கும் நீர்நிலை என்றே தோன்றும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அணை கட்டிச் சிறு குட்டைகளை ஒன்றாக்கி உண்டாக்கியது அது.

6. ஒரே ஒரு ஏரியைத்தான் சுற்ற நேரமிருக்கிறது என்றால் பட்டர்மியரைத் தேர்ந்தெடுங்கள். சுமார் ஏழு கிலோமீட்டர்; ஏற்றம் அதிகமில்லை; மூன்று பக்கமும் மலை. வடகரையில் ஹாஸ்னெஸ் என்ற இடத்தில் பாதை திடீரெனப் பாறைக்குள் நுழைகிறது. ஆள் குனிந்து போகும் சிறு சுரங்க வழி. அந்த எஸ்டேட்டின் முதலாளி, குளிர்காலத்தில் தம் வேலையாட்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அதை வெட்டச் சொன்னார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

7. அதே பட்டர்மியரில், கிராக் வுட் அருகே கரையோரப் பாதையின் ஒரு துண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை மூடப்படும். உள்ளான் இனப் பறவைகள் கரைக் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும் காலம் அது. ஓடுகிறவர்கள் அந்த மூன்று மாதமும் சற்று மேலே உள்ள பாதையில் விலகிச் செல்ல வேண்டும்.

8. கெஸிக் ஊரை ஒட்டிய டெர்வென்ட்வாட்டரைச் சுற்றினால் சுமார் 16 கிலோமீட்டர். கால் சோர்ந்துவிட்டால் கவலையில்லை. கரை நெடுக மரத்தாலான படகுத்துறைகள் உண்டு. அடுத்த படகில் ஏறிக் கெஸிக்கில் இறங்கிவிடலாம்.

9. டெர்வென்ட்வாட்டரின் மேற்குக் கரையில், பாதை பிராண்டல்ஹௌ என்ற காட்டுக்குள் போகிறது. அந்தக் காடு பொதுச்சொத்தான கதை அருமையானது. 1902இல் அதை விலைக்கு விட்டார்கள். வீடுகள் முளைத்துவிடும் என்ற அச்சத்தில், நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லியும் அவரைச் சார்ந்தவர்களும் மக்களிடம் 6,500 பவுண்டு திரட்டினார்கள். தான் இனி அந்த ஏரிகளைப் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் மற்றவர்களுக்காக அவை இருக்கட்டும் என்று எழுதிச் சிறு தொகை அனுப்பிய தொழிலாளியும் அதில் உண்டு. லேக் டிஸ்ட்ரிக்டில் அந்த அமைப்பு வாங்கிய முதல் நிலம் அதுதான். இன்று அந்த மரங்களுக்கிடையே ஓடுகிற ஒவ்வொருவரும் அந்தத் தொழிலாளிக்குக் கடன்பட்டவர்கள்.

10. அல்ஸ்வாட்டரில் ஓடுவதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. கிளென்ரிடிங்கில் நீராவிப் படகுக் கம்பெனியின் கப்பலில் ஏறி ஹௌடவுனில் இறங்குவார்கள். அங்கிருந்து கிழக்குக் கரை வழியே திரும்ப ஓடிவருவார்கள். சுமார் 11 கிலோமீட்டர். திரும்பி வர வேறு சுலபமான வழி இல்லை என்பதால் பாதியில் விட்டுவிடலாம் என்ற எண்ணமே வராது. அந்தப் படகுகளில் ஒன்றான ‘லேடி ஆஃப் தி லேக்’ 1877இல் நீரில் இறக்கப்பட்டது, இன்றும் ஓடுகிறது.

11. அதே ஏரியை முழுவதும் சுற்றும் ‘அல்ஸ்வாட்டர் வே’ 32 கிலோமீட்டர் நீளம். 2016இல் திறக்கப்பட்டது. மேற்குக் கரையில் கிளென்கோயின் விரிகுடாவை ஒட்டி அது செல்கிறது. 1802 ஏப்ரல் 15 அன்று வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் டாஃபடில் மலர்க்கூட்டத்தைக் கண்டது அந்தக் கரையில்தான். டோரதி அன்றைய நாட்குறிப்பில் அதை விரிவாக எழுதிவைத்தார். அண்ணனின் புகழ்பெற்ற கவிதை பின்னால் வந்தது.

12. தேர்ல்மியர் ஏரி, மான்செஸ்டர் நகரத்தின் குடிநீருக்காக அணை கட்டிப் பெரிதாக்கப்பட்டது. 1894 முதல் அதன் தண்ணீர் சுமார் 154 கிலோமீட்டர் தொலைவுக்குப் போகிறது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. நிலத்தின் இறக்கத்தை மட்டுமே நம்பி வெட்டிய கால்வாயும் குழாயும் அதைக் கொண்டுசேர்க்கின்றன.

13. ஹாஸ்வாட்டர் கரையில் ஓடும்போது உங்கள் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு ஊர் நீருக்கடியில் கிடக்கிறது. மார்டேல் என்பது அதன் பெயர். 1930களில் அணை எழுந்தபோது வீடுகளும் தேவாலயமும் இடிக்கப்பட்டன. கல்லறையிலிருந்த உடல்களைத் தோண்டியெடுத்து ஷாப் என்ற ஊரில் மறுபடி புதைத்தார்கள். கடும் வறட்சியில் நீர் இறங்கினால் அந்த ஊரின் கற்சுவர்கள் வெளியே தெரியும்.

பழைய வழிகள்

14. லாங்டேல் பள்ளத்தாக்கில் பைக் ஆஃப் ஸ்டிக்கிள் என்ற செங்குத்துச் சிகரம் இருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர்கள் அதன் சரிவில் ஏறிப் பச்சை நிறக் கல்லை உடைத்துக் கோடரி செய்தார்கள். அந்தக் கோடரிகள் பிரிட்டன் முழுவதும், அயர்லாந்திலும்கூடக் கிடைத்திருக்கின்றன. இன்று நெடுந்தூர மலையோட்டக்காரர்கள் தொட்டுச் செல்லும் சிகரங்களில் அதுவும் ஒன்று.

15. ஹை ஸ்ட்ரீட் என்பது கடைத்தெரு அல்ல. 828 மீட்டர் உயரமுள்ள மலை. ரோமானியர்கள் ஆம்பிள்சைட் கோட்டையையும் பென்ரித் அருகே இருந்த கோட்டையையும் இணைக்கப் பள்ளத்தாக்கில் போகாமல் மலைமுகட்டின் மீதே சாலை போட்டார்கள். பிற்காலத்தில் ஆட்டுக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை அங்கே கூடி, வழிதவறிய ஆடுகளை உரியவரிடம் ஒப்படைத்தார்கள். குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள். புல் படர்ந்த அந்த நீண்ட முகடு, ஓடுவதற்கு இதமான மலைத்தடங்களில் ஒன்று.

16. ரைடலுக்கும் கிராஸ்மியருக்கும் இடையே மரநிழலில் போகும் பாதையில் தட்டையான ஒரு பெரிய கல்லைப் பார்க்கலாம். ஆம்பிள்சைட் பக்கத்து ஊர்களில் இறந்தவர்களைக் கிராஸ்மியர் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்ற காலத்தில், சவப்பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய கல் அது. பாதையின் ஒரு முனையில் வேர்ட்ஸ்வொர்த் முன்பு வாழ்ந்த டவ் காட்டேஜ். மறுமுனையில் அவர் கடைசிவரை வாழ்ந்த ரைடல் மவுன்ட். திரும்பும்போது எதிர்ப்பக்கம் லஃப்ரிக் டெரஸ் வழியாக வந்தால் இரண்டு ஏரிகளையும் சுற்றி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் ஆகும்.

17. வாஸ்டேலிலும் இப்படி ஒரு வழி உண்டு. அங்கே அடக்கம் செய்ய உரிமை பெற்ற கல்லறை இல்லாத காலத்தில், உடலைக் குதிரை முதுகில் கட்டி, பர்ன்மூர் என்ற மலையேரியைக் கடந்து, எஸ்க்டேலில் உள்ள பூட் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அதே வழியில் ஓட்டக்காரர்கள் போகிறார்கள்.

18. ஹானிஸ்டர் கணவாயில் பலகைக்கல் வெட்டும் வேலை பல தலைமுறைகளாக நடக்கிறது. தண்டவாளம் வருவதற்கு முன், வெட்டிய கல்லை மரச் சறுக்குவண்டியில் ஏற்றி, தொழிலாளி அதற்கு முன்னால் நின்று பிடித்துக்கொண்டு, செங்குத்தான சரளைச் சரிவில் ஓடியே இறங்குவார். வேகம் மிஞ்சினால் வண்டி அவர் மேலேயே ஏறிவிடும். கீழே கல்லை இறக்கிவிட்டு, காலி வண்டியை முதுகில் சுமந்துகொண்டு மறுபடி ஏறுவார். ஒரு நாளைக்குப் பல நடை. இந்த மலைகளின் முதல் ஓட்டவீரர்கள் என்று அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

19. கெஸிக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரையிலான ஐந்து கிலோமீட்டர் பாதை, டர்ஹாமிலிருந்து மேற்குக் கரை இரும்பாலைகளுக்கு கோக் கரி கொண்டுபோக 1860களில் போட்ட ரயில்தடம். 1972இல் ரயில் நின்றது. கிரெட்டா ஆற்றை மாறி மாறிக் கடக்கும் அந்தத் தடம் நடைபாதை ஆனது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் இரண்டு பாலங்களை அடித்துக்கொண்டு போனது. ஐந்தாண்டு கழித்து, 2020 டிசம்பரில் புதிய பாலங்களோடு மீண்டும் திறந்தார்கள். மண் மூடிக் கிடந்த பழைய சுரங்கவழி ஒன்றையும் அப்போது தோண்டித் திறந்தார்கள். சமதளம் என்பதால் குழந்தைகளோடு ஓட ஏற்றது.

மலையோட்டம்

20. ஃபெல் ரன்னிங் எனப்படும் மலையோட்டம் இங்கே பழைய ஊர்த்திருவிழா விளையாட்டு. கிராஸ்மியர் விளையாட்டு விழாவில் 1868 முதல் ‘வழிகாட்டிகள் ஓட்டம்’ இடம்பெற்று வருகிறது. வெளியூர்க்காரர்களை மலைக்கு அழைத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கான போட்டியாகத் தொடங்கியது. மைதானத்திலிருந்து எதிரே தெரியும் பாறைக்கு ஏறி, சுற்றி, இறங்க வேண்டும். பார்வையாளர்கள் இருந்த இடத்திலிருந்தே முழு ஓட்டத்தையும் பார்க்கலாம்.

21. இந்தப் போட்டிகளைத் தூரத்தை மட்டும் வைத்துத் தரம் பிரிப்பதில்லை. கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டருக்குக் குறையாமல் ஏற்றம் இருந்தால்தான் ‘ஏ’ பிரிவு. பல போட்டிகளில் வழியைக் கயிறு கட்டிக் காட்டமாட்டார்கள். இந்தச் சிகரம், அந்தக் கணவாய் என்று சொல்லிவிடுவார்கள். இடையில் எப்படிப் போவது என்பது ஓடுகிறவரின் பொறுப்பு. மேகம் இறங்கிவிட்டால் வேகக்காரரைவிட வழி தெரிந்தவரே முந்துவார். அதனால்தான் வரைபடம், திசைகாட்டி, விசில், மழைச்சட்டை, மழைக் கால்சட்டை, தொப்பி, கையுறை, அவசர உணவு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

22. 1932 ஜூனில் கெஸிக்கில் தங்கும் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம், 42 சிகரங்களை 23 மணி 39 நிமிடத்தில் தொட்டுத் திரும்பினார். தூரம் சுமார் 106 கிலோமீட்டர்; மொத்த ஏற்றம் சுமார் 8,200 மீட்டர். அன்று அவர் காலில் டென்னிஸ் ஷூ. மேலே பைஜாமா சட்டை. தின்றது வெண்ணெய் ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, பழம், மிட்டாய். அடுத்த 28 ஆண்டுகளுக்கு அதை யாராலும் மறுபடி செய்ய முடியவில்லை. 1960இல்தான் ஆலன் ஹீட்டன் செய்து காட்டினார்.

23. இன்று அந்தச் சுற்றுக்குப் பாப் கிரஹாம் சுற்று என்றே பெயர். கெஸிக் கடைவீதி நடுவில் உள்ள மூட் ஹால் கட்டடத்தில் தொடங்கி, 24 மணி நேரத்துக்குள் அங்கேயே வந்து கதவைத் தொட வேண்டும். பரிசு இல்லை, பதக்கம் இல்லை. ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒருவர் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது விதி. எனவே ஒருவர் முடிக்க வேண்டுமானால் பலர் இரவிலும் மழையிலும் முறைபோட்டுக் கூட ஓடுகிறார்கள், தண்ணீர் சுமக்கிறார்கள், சாலைக் கடவையில் சூப் காய்ச்சி வைத்துக் காத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர் போய் வேறொருவருக்குச் சுமக்கிறார். இந்த ஓட்டத்தின் உயிர் அந்தக் கைமாற்றில்தான் இருக்கிறது.

24. 24 மணி நேரத்துக்குள் அந்தச் சுற்றை முடித்த முதல் பெண் ஜீன் டாஸ், ஆண்டு 1977. பாரோடேலைச் சேர்ந்த கல் வேலைக்காரர் பில்லி பிளாண்ட் 1982இல் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார். அந்தச் சாதனை 36 ஆண்டு நின்றது. 2018இல் ஸ்பெயினின் கிலியன் ஜோர்னெட் 12 மணி 52 நிமிடத்தில் அதை முறியடித்தார். அவரை வாழ்த்த பில்லி பிளாண்டே மூட் ஹாலுக்கு வந்திருந்தார். 2020இல் பெத் பாஸ்கல் 14 மணி 34 நிமிடத்தில் பெண்கள் சாதனை படைத்தார். 2022இல் அமெரிக்காவின் ஜாக் குன்ஸ்லி ஜோர்னெட்டின் நேரத்தையும் முந்தினார்.

25. கெண்டல் நகராட்சியில் கணக்கு அதிகாரியாக இருந்த ஆல்ஃபிரட் வெய்ன்ரைட், வார இறுதிகளில் பேருந்தில் போய் மலையேறி, கையாலேயே எழுதி வரைந்து ஏழு வழிகாட்டி நூல்களை 1955 முதல் 1966 வரை வெளியிட்டார். அவற்றில் இடம்பெற்ற மலைகள் 214. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓடி முடிப்பது இன்று பெரிய சவால். 2021இல் கால்நடை மருத்துவர் சப்ரினா வெர்ஜி ஆறு நாளுக்குள் முடித்த முதல் ஆள் ஆனார். ஆண் பெண் எல்லாரையும் சேர்த்தே அது அன்றைய சாதனை. மறு ஆண்டு ஜான் கெல்லி அதை ஐந்தரை நாளாகக் குறைத்தார்.

26. வாஸ்டேல் ஆட்டுப்பண்ணைக்காரர் ஜாஸ் நெய்லர் (1936-2024) இந்த மலைகளின் நாயகன். இளம் வயதில் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை. கடும் வேலை கூடாது என்று சொல்லப்பட்டவர். 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரம் தொட்டார். 1986இல், 50 வயதில், 214 வெய்ன்ரைட் மலைகளை ஏழு நாள் ஒரு மணி நேரத்தில் முடித்தார். 70 வயதில் 70 சிகரம் ஓடினார். இவற்றுக்கு இடையே பண்ணை வேலையையும் பார்த்துவந்தார். விடியலில் ஆடுகளைப் பார்த்துவிட்டுப் போட்டிக்குப் போவார். ஓடி முடித்ததும் மறுபடி பண்ணைக்குத் திரும்புவார்.

27. ஏரிகளை மட்டும் எண்ணி ஓடியவரும் அவரே. 1983இல் 27 ஏரிகளையும் மலையேரிகளையும் தொட்டு, சுமார் 170 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் கடந்தார்.

28. 50 வயது தாண்டியவர்களுக்கென்றே ஜாஸ் நெய்லர் ஒரு பாதை வகுத்தார். அல்ஸ்வாட்டர் முனையிலுள்ள பூலி பிரிட்ஜில் தொடங்கி 30 சிகரம் கடந்து வாஸ்டேலில் உள்ள கிரீன்டேல் பாலத்தில் முடியும். தூரம் சுமார் 77 கிலோமீட்டர். 50 முதல் 54 வயதுக்காரருக்கு 12 மணி நேரம். 65க்கு மேற்பட்டவருக்கு 24 மணி நேரம். வயது ஏற ஏற அவகாசமும் ஏறும்.

29. கோனிஸ்டனில் ஜூலை மாதக் கடைசியில் தொடங்கும் ‘லேக்லேண்ட் 100’ ஓட்டம் பெயரில் 100 மைல் என்றாலும் உண்மையில் 105 மைல். அதாவது சுமார் 169 கிலோமீட்டர். முடிக்க 40 மணி நேரம் தருகிறார்கள். சிகரங்களைத் தவிர்த்துக் கணவாய்கள், பொதிக்குதிரைப் பாதைகள் வழியாகவே போகும் ஓட்டம் இது.

பாதையைக் காப்பவர்கள்

30. மலைகளில் மேயும் ஹெர்ட்விக் ஆடுகளுக்கு வேலி கிடையாது. எந்தச் சரிவு தன்னுடையது என்பதைக் குட்டி தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறது. பிறகு அந்த எல்லையை விட்டுப் போவதில்லை. ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் குறுகிய ஒற்றையடித் தடங்கள் பல, இந்த ஆடுகள் நடந்து நடந்து உண்டானவை. மந்தையை மிரட்டிக் கலைத்தால் மேய்ப்பருக்கு ஒரு நாள் வேலை கெட்டுவிடும்.

31. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது மலைகள் அடைக்கப்பட்டன, போட்டிகள் ரத்தாயின. ஓட்டக்காரர்கள் விலகி நின்றார்கள். இந்த மலை முதலில் யாருடைய பிழைப்பு என்பதை அந்த ஆண்டு எல்லாருக்கும் உணர்த்தியது.

32. குழந்தைகளுக்கு முயல் கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர், புத்தக வருமானத்தில் பண்ணை பண்ணையாக வாங்கினார். 1943இல் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் 14 பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். அவருடைய மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து மேய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

33. ஸ்கேஃபெல் பைக் சிகரம் ஒரு நினைவுச்சின்னம் என்பது பலருக்குத் தெரியாது. முதல் உலகப்போரில் இறந்த லேக் டிஸ்ட்ரிக்ட் மக்களின் நினைவாக லார்ட் லெக்கன்ஃபீல்ட் அதை 1919இல் நாட்டுக்குக் கொடுத்தார். அருகிலுள்ள கிரேட் கேபிள் மலையுச்சியில், போரில் இறந்த மலையேற்றச் சங்கத்தாரின் பெயர்ப்பலகை இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் மக்கள் மழையானாலும் பனியானாலும் அங்கே ஏறி நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள்.

34. ஐக்கிய ராஜ்யத்தில் 24 மணி நேரத்தில் மிக அதிக மழை பதிவானது ஹானிஸ்டர் கணவாயில்; 2015 டிசம்பரில் 341.4 மில்லிமீட்டர். இப்படிப் பெய்யும் மழையில், காலடிகள் புல்லைத் தேய்த்த இடமெல்லாம் ஓடையாகி மண் அரித்துப் போகும். ‘ஃபிக்ஸ் த ஃபெல்ஸ்’ என்ற கூட்டமைப்பு அதைச் செப்பனிடுகிறது. கல்லை ஹெலிகாப்டரில் பைகளில் இறக்குகிறார்கள். பிறகு எல்லாம் கைவேலை. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கிப் போடுவார்கள். ஒரு குழி தோண்டி, கல்லின் நீளமான பாகம் மண்ணுக்குள் போகும்படி நட்டு, தட்டையான முகத்தை மேலே வைத்து, பக்கத்துக் கல்லோடு இறுக்குவார்கள். சந்துகளில் சிறு கற்களை ஆப்பு போல அடிப்பார்கள். ஏறி நின்று ஆட்டிப் பார்த்து, அசைந்தால் பிடுங்கி மறுபடி நடுவார்கள். தன்னார்வலர்கள் மழைக்காலம் முழுவதும் வடிகால்களைத் தூர்வாருகிறார்கள்.

35. குளிர்காலத்தில் ஹெல்வெலின் மலையில் (950 மீட்டர்) தினமும் ஒருவர் ஏறுவார். பனியின் ஆழம், காற்றின் வேகம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து, மறுநாள் போகிறவர்களுக்காக அறிக்கை வெளியிடுவது அவர் வேலை. இதே மலையுச்சியில் 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் இருவரும் விமானத்தை இறக்கி, மறுபடி கிளப்பிக்கொண்டும் போனார்கள். அந்த இடத்தில் கல்வெட்டு உண்டு.

36. இப்பகுதியில் 12 மலை மீட்புக் குழுக்கள் இருக்கின்றன. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், தச்சர், செவிலியர் என்று அவரவர் வேலையைப் போட்டுவிட்டு நள்ளிரவிலும் ஸ்ட்ரெச்சரோடு ஏறுகிறவர்கள். உதவி தேவைப்பட்டால் 999ஐ அழைத்துப் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். போன் எடுக்காத இடத்தில், ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

37. மலையோட்டக்காரர் பையில் அடிக்கடி காணும் தின்பண்டம் கெண்டல் மின்ட் கேக். சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர், புதினா எண்ணெய் சேர்த்துச் செய்த வில்லை. 1953இல் எவரெஸ்டில் ஏறிய ஹிலரி, டென்சிங் குழுவினரும் இதைக் கொண்டுபோனார்கள்.

போகிறவர்களுக்கு

முதல் நாள் பட்டர்மியர், அடுத்த நாள் டெர்வென்ட்வாட்டர், கால் பழகிய பிறகு ஹை ஸ்ட்ரீட் என்று படிப்படியாக ஏறுங்கள். கோடையானாலும் மழைச்சட்டை இல்லாமல் மலைக்குப் போக வேண்டாம். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்த கதவை மூடியும் விட்டுச் செல்லுங்கள். ஆடு எதிர்ப்பட்டால் வேகத்தைக் குறைத்து நடங்கள். பாதை வளைந்து சென்றால் நீங்களும் வளைந்தே செல்லுங்கள். குறுக்கே இறங்கும் ஒவ்வொரு காலடியும் அடுத்த மழைக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறது. கடைகளில் மீட்புக் குழுவின் உண்டியலைக் கண்டால் முடிந்ததைப் போடுங்கள். கல் நடுகிறவர்களும், சம்பளம் வாங்காமல் வடிகால் தூர்வாருகிறவர்களும் ஸ்ட்ரெச்சர் சுமக்கிறவர்களும் இருப்பதால்தான் இந்தப் பாதைகள் இன்றும் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன.